ரோல் நம்பர்ல பக்கத்துல வந்தவங்க

கடைசி செமஸ்டர்ல கிளாஸ்னு ஒண்ணு பெருசா கிடையாது. ப்ராஜெக்ட்னு பேரு, ஆனா பாதி நாள் கைடு இருக்க மாட்டார், மீதி நாள் நாம இருக்க மாட்டோம். இதுக்கு நடுவுல எல்லார் கையிலயும் நோ ட்யூஸ் ஃபார்ம் மட்டும் சுத்திட்டு இருக்கு. லைப்ரரி, ஸ்போர்ட்ஸ், ஹாஸ்டல், ஒவ்வொரு லேப்னு கட்டம் கட்டமா போட்டிருப்பாங்க, ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு கையெழுத்து ஒரு சீல் வாங்கணும். சேர்ந்தப்போ ஒரே ஒரு நாள்ல நம்மள உள்ள எடுத்துக்கிட்ட காலேஜ், வெளிய விடுறதுக்கு மட்டும் ஏன் இவ்ளோ பேர்கிட்ட பர்மிஷன் கேக்குதுன்னு தெரியல.

ஒரு லேப்ல கையெழுத்துக்குப் போனப்போ லேப் அண்ணன் என் பேரைக் கேக்கல, ரோல் நம்பரையும் கேக்கல, மூஞ்சியப் பாத்துட்டு "மூணாவது டேபிள்தான தம்பி நீங்க"ன்னார். எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் பிரேக்கேஜ் ரெஜிஸ்டரை எடுத்தார், நீளமான நோட்டு, அட்டை பிஞ்சு செலோ டேப் ஒட்டினது. விரலை எச்சில் பண்ணிப் பண்ணி பக்கத்தைத் திருப்பி, ரெண்டாவது வருஷத்துல எங்க டேபிள் உடைச்ச பீக்கரைக் கண்டுபிடிச்சார். அந்த வரியில நாலு பேரு. நாலும் ஒரே கையெழுத்துல இருக்கு, ஏன்னா எங்க நாலு பேர்ல கையெழுத்து நல்லா இருக்கறவன் ஒருத்தன்தான், எல்லாத்தையும் அவன்தான் எழுதுவான், ரெக்கார்ட் உட்பட. காசு அப்பவே கட்டியாச்சுன்னு ஓரத்துல சிவப்பு மையில டிக் இருந்துச்சு. "பாக்கி ஒண்ணும் இல்ல, போங்க"ன்னு சீல் வெச்சுக் குடுத்துட்டார்.

வெளிய வந்தப்புறம்தான் உறைச்சுது. அந்த நாலு பேரு இன்னிக்கு வரைக்கும் அதே நாலு பேருதான். எக்ஸாமுக்குப் படிச்சது, சண்டை போட்டது, ஒருத்தன் வீட்டுல கஷ்டம்னு நைட்டு முழுக்க அவனோட உக்காந்திருந்தது எல்லாமே இந்த நாலு பேருக்குள்ளதான். ஆனா நாங்க ஒருத்தரை ஒருத்தர் தேர்ந்தெடுக்கவே இல்ல! பேரோட முதல் எழுத்து பக்கத்துல பக்கத்துல வந்துச்சு, அட்டெண்டன்ஸ்ல அடுத்தடுத்து வந்தோம், லேப் பேட்ச் பிரிச்சப்போ ஒரே டேபிள்ல போட்டுட்டாங்க, அவ்ளோதான். என் பேரை வேற எழுத்துல வெச்சிருந்தா இந்த மூணு பேரையும் தூரத்துல பாத்து தலையாட்டிட்டுப் போயிருப்பேன், வேற மூணு பேரைப் பத்தி இதே மாதிரி ஒரு கட்டுரை எழுதிட்டு இருந்திருப்பேன்.

இது என் கதை மட்டும் இல்ல. 1974-ல வெளிவந்த ஆய்வுக்காக மேடி சீகல்னு ஒரு சமூகவியல் ஆய்வாளர் அமெரிக்காவுல மேரிலேண்ட் ஸ்டேட் போலீஸ் டிரெயினிங்ல இருந்தவங்ககிட்ட உன் நெருங்கின ஃப்ரெண்ட்ஸ் யாருன்னு கேட்டுப் பாத்தாங்க. அங்க உக்கார வெக்கிறது, ரூம் குடுக்கறது எல்லாமே அகர வரிசையில. கடைசியில யார் யாரோட ஃப்ரெண்ட் ஆனாங்கன்னு பாத்தா மதமோ, வயசோ, பொழுதுபோக்கோ அவ்வளவா தீர்மானிக்கல, பேர் வரிசையில யாரு பக்கத்துல இருந்தாங்கங்கிறதுதான் நல்லா தீர்மானிச்சிருக்கு. போலீஸ்காரனுக்கே அப்படின்னா நாமெல்லாம் எம்மாத்திரம்.

இதுக்கும் முன்னாடியே, 1950-ல லியான் ஃபெஸ்டிங்கர்ங்கிற உளவியல் ஆய்வாளரும் அவரோட ரெண்டு சகாக்களும் அமெரிக்காவுல இருக்கற எம்ஐடியோட ஸ்டூடண்ட் குடியிருப்புல செஞ்ச ஆய்வு ஒண்ணு வெளிய வந்துச்சு. கல்யாணமான ஸ்டூடண்ட்ஸ் தங்கின இடம் அது, யாருக்கு எந்த வீடுங்கிறதுல அவங்க விருப்பத்துக்குப் பெருசா இடம் இல்ல. ஒரே மாடியில அடுத்த கதவுல இருக்கறவங்க ஃப்ரெண்டா இருக்க வாய்ப்பு 41 சதவீதம், ரெண்டு கதவு தள்ளின்னா 22, மாடியோட ரெண்டு ஓரத்துல இருக்கறவங்களுக்கு 10. அந்த ஓரத்துக்கும் இந்த ஓரத்துக்கும் நடந்தா ஒரு நிமிஷம் ஆகாது, ஆனா அந்த ஒரு நிமிஷமே போதும் ஒரு ஃப்ரெண்டு இல்லாமப் போறதுக்கு. அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது மாடிப்படி விஷயம்தான், படிக்கட்டு பக்கத்துல வீடு கெடச்சவங்களுக்கு மேல் மாடியிலயும் நிறைய ஃப்ரெண்ட்ஸ் இருந்திருக்காங்க, ஏன்னா மேல போறவன் வர்றவன் எல்லாம் அவங்க கதவைத் தாண்டித்தான் போகணும். ஹாஸ்டல்ல இருந்தவங்களுக்கு இதை விளக்கவே வேணாம். படிக்கட்டுக்குப் பக்கத்து ரூம்காரன் ஒருத்தன் எல்லா ஹாஸ்டல்லயும் இருப்பான், அவன் ரூம்ல எப்பப் பாத்தாலும் பத்துப் பேர் இருப்பாங்க, அவனுக்கே பாதிப் பேரு யாருன்னு தெரியாது. அவன் ரொம்ப ஜாலியான ஆளுன்னு நெனச்சிருந்தேன். ஜாலியான ஆளுதான், இல்லன்னு சொல்லல, ஆனா கடைசி ரூம்ல போட்டிருந்தா அவ்ளோ ஜாலியா இருந்திருப்பானான்னு இப்போ ஒரு டவுட்டு.

சரி, பக்கத்துல போட்டுட்டாங்க, அதுக்கப்புறம் எப்படி நட்பாச்சு? இதுக்கும் ஒருத்தர் கணக்கு போட்டு வெச்சிருக்கார். கேன்சஸ் யுனிவர்சிட்டி பேராசிரியர் ஜெஃப்ரி ஹால், 2018-ல வெளியிட்டது. புது ஊருக்கு மாறிப் போனவங்களையும் காலேஜ் முதல் வருஷப் பசங்களையும் வெச்சுப் பாத்தார். தெரிஞ்சவன்கிற நிலைமையில இருந்து சும்மா ஃப்ரெண்டு ஆகறதுக்கு சுமார் 50 மணி நேரம், அங்கிருந்து உருப்படியான ஃப்ரெண்டு ஆக 90 மணி நேரம் பக்கத்துல, நெருக்கமான ஃப்ரெண்டுன்னா 200 மணி நேரத்துக்கு மேல சேர்ந்து இருந்திருக்கணும். இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, ஒண்ணா வேலை செஞ்ச நேரம் அவ்வளவா எடுபடல, ஒண்ணா சும்மா இருந்த நேரம்தான் எடுபட்டுருக்கு.

சும்மா இருந்த நேரம். அதை எங்க போயி இவ்ளோ சம்பாதிச்சோம்னு யோசிச்சுப் பாத்தா சிரிப்பா இருக்கு. சார் வரலன்னு ஃப்ரீ பீரியட் விட்டது, சார் வருவாரா மாட்டாரான்னு வாசல்ல நின்னது, லேப் சாவி எங்கன்னு தேடிட்டு இருந்த நேரத்துல வராண்டாவுல உக்காந்தது, ஜெராக்ஸ் எடுக்க வரிசையில நின்னது, வைவாவுக்கு உள்ள போனவன் வெளிய வந்து "என்ன கேக்குறாங்க"ன்னு சொல்றதுக்காகக் கதவோரம் காத்துக் கெடந்தது. இதுல ஒண்ணைக்கூட நாங்க ப்ளான் பண்ணல. டைம்டேபிளோட ஓட்டைகள்ல விழுந்த நேரம் எல்லாம். ஃப்ரெண்ட்ஷிப் அங்கதான் நடந்துச்சு, டூர்லயும் கல்ச்சுரல்ஸ்லயும் இல்ல. டூர்ல எடுத்த போட்டோவுல எல்லாரும் ஒரே மாதிரிதான் நிக்கிறோம். ஆனா ஒருத்தனோட அம்மாவுக்கு உடம்பு சரியில்லங்கிறதை நான் தெரிஞ்சுக்கிட்டது, ஒரு மொக்கையான மத்தியானம், ப்ரொஜெக்டர் வேலை செய்யலன்னு கிளாஸ் நின்னு போய் எல்லாரும் கத்திட்டு இருந்தப்போ, அவன் மட்டும் கத்தாம பேனா மூடியைத் திருகித் திருகிக் கழட்டி மாட்டிட்டு இருந்தான், "என்னடா"ன்னு கேட்டேன், சொன்னான்.

இப்போ முடியப் போறது இதுதான்னு நெனைக்கிறேன். ஃபேர்வெல் மேடையில எல்லாரும் "நம்ம நட்பு என்னிக்கும் தொடரும்"னு பேசுறாங்க, தொடரட்டும், நல்லதுதான். ஆனா முடியறது நட்பு இல்ல, நட்பு தானா நடந்துக்கிட்டு இருந்த ஏற்பாடு. இனிமே ஒருத்தனைப் பாக்கணும்னா லீவு போடணும், டிக்கெட் எடுக்கணும், "ஃப்ரீயா மச்சான்"னு கேக்கணும், அவன் "இந்த வாரம் கொஞ்சம் டைட்டு மச்சான், அடுத்த வாரம் கன்ஃபார்ம்"னு சொல்லுவான். அப்படியே பாத்தாலும் ரெண்டு மணி நேரம் கையில இருக்குன்னா முக்கியமான விஷயத்தை மட்டும்தான் பேசுவோம். எங்க வேலை, எவ்ளோ சம்பளம், வீட்டுல பொண்ணு பாக்குறாங்களா. பேனா மூடியைத் திருகுற நேரமெல்லாம் அதுல வராது.

நெருங்கினவங்களையாவது எப்படியும் இழுத்துப் புடிச்சுக்கலாம். ஹாய் பை ஃப்ரெண்ட்ஸை நெனச்சாத்தான் எனக்கு ஒரு மாதிரி இருக்கு. பேருகூட முழுசா தெரியாது, இனிஷியல் என்னன்னு தெரியாது, நம்பர் போன்ல இருக்காது, ஆனா தினமும் ஒரே இடத்துல கிராஸ் பண்ணும்போது ஒரு தலையாட்டல், ஒரு "என்ன ப்ரோ". வேற டிபார்ட்மெண்ட் பொண்ணு ஒருத்தங்க, லைப்ரரியில எப்பவும் ஜன்னலோர டேபிள், நான் எதிர் டேபிள். ஒரு தடவை கால்குலேட்டர் கடன் வாங்கினாங்க, எக்ஸாம் டைம்ல ஒரு தடவை "எத்தனை யூனிட் முடிச்சீங்க"ன்னு கேட்டாங்க, "ரெண்டு"ன்னேன், "நானும்"னு சொல்லிட்டு நிம்மதியாச் சிரிச்சாங்க, மொத்தமே அவ்ளோதான். இவங்களுக்கெல்லாம் ஃபேர்வெல் கிடையாது, போயிட்டு வரேன்னு சொல்ற அளவுக்குப் பழக்கமும் இல்ல, சொல்லாம விடுற அளவுக்கு அந்நியமும் இல்ல.

இந்த மாதிரி பாதி தெரிஞ்ச ஆளுங்களோட மதிப்பைப் பத்தி மார்க் கிரானோவெட்டர்னு ஒரு சமூகவியல் ஆய்வாளர் 1973-ல எழுதினது ரொம்பப் பேமஸ். தெரிஞ்சவங்க மூலமா வேலை கெடச்ச ஆளுங்ககிட்ட, அந்த ஆளை நீங்க எவ்ளோ அடிக்கடி பாப்பீங்கன்னு கேட்டார். அடிக்கடி பாக்குறவர்னு சொன்னவங்க 16.7 சதவீதம்தான், எப்பவாவது பாப்பேன்னு 55.6, ரொம்ப அபூர்வமான்னு 27.8. காரணம் சிம்பிள், நம்ம நெருங்கின ஃப்ரெண்டுக்குத் தெரிஞ்சது நமக்கும் ஏற்கனவே தெரிஞ்சிருக்கும், ஹாய் பை ஆளுதான் வேற உலகத்துல இருந்து புதுச் செய்தி கொண்டு வருவான். ஆனா வேலைக்கு ஆவான்னு மட்டும் சொல்லி அவனை மதிக்கறது எனக்கு ஒப்பல. ஒரு பெரிய கேம்பஸ்ல நாம அநாதையா இல்லங்கிற தைரியத்தை அந்தத் தலையாட்டல்தான் குடுத்துச்சு, முதல் வருஷத்துல யாரையும் தெரியாம சுத்திட்டு இருந்தவங்களுக்கு இது புரியும்.

படிப்பைப் பத்தி ஒண்ணுமே சொல்லலன்னு நெனைக்காதீங்க. காலேஜ்னா படிப்பும்தான்! என் பிரச்சனை என்னன்னா மூணாவது செமஸ்டர்ல என்னென்ன சப்ஜெக்ட் இருந்துச்சுன்னே இப்போ மார்க் ஷீட்டைப் பாத்தாத்தான் தெரியுது. பாஸ் பண்ணிருக்கேன், நல்ல மார்க் வேற, ஆனா அந்த மார்க்கை வாங்கினது நான்தான்னு நிரூபிக்கச் சொன்னா முடியாது. ஹெர்மன் எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன் உளவியலாளர், 1885-லயே இதுக்கு அளவு குடுத்துட்டார். அர்த்தமே இல்லாத அசைகளை எழுதி வெச்சு அவரே மனப்பாடம் பண்ணி, அவரே மறந்து, அவரே திரும்பப் படிச்சு, மொத்த ஆராய்ச்சிக்கும் ஒரே ஒரு ஆளு அவருதான். திரும்பப் படிக்கும்போது எவ்ளோ உழைப்பு மிச்சமாகுதுன்னு பாத்தார், இருபது நிமிஷம் கழிச்சுன்னா 58 சதவீதம் மிச்சம், ஒரு மணி நேரத்துல 44, ஒரு நாள்ல 34, ஒரு மாசம் ஆனா 21. எக்ஸாமுக்கு முந்தின நைட்டு உக்காந்து படிச்சுட்டு ஹாலை விட்டு வெளிய வந்ததும் காலியாப் போற நம்ம மூளைக்கு அந்தக் காலத்துலயே கிராஃப் போட்டிருக்கார் மனுஷன்.

ஆனா அந்த 21-ஐத் திருப்பிப் பாருங்க. ஒரு மாசம் கழிச்சும் சுத்தமா பூஜ்யம் ஆகல, வாயில வரலன்னாலும் ரெண்டாவது தடவை படிக்கும்போது சீக்கிரம் ஏறுது. எங்க டேபிள்ல ஒருத்தனுக்கு ப்ராஜெக்டுக்காக பழைய செமஸ்டர் பாடம் ஒண்ணு தேவைப்பட்டுச்சு, எல்லாரும் சுத்தமா மறந்துட்டோம்னு சத்தியம் பண்ணோம், நோட்டைத் திறந்து ஒரு சாயங்காலம் உக்காந்ததும் "அட, இது அதுதான"ன்னு வந்துடுச்சு. அன்னிக்கு எங்களுக்குத் தலைகால் புரியல, ஏதோ படிச்சிருக்கோம்டா நாமளும்னு. எதை எங்க தேடணும்னு தெரியறதும், புதுசா ஒண்ணைப் பாத்தா பயப்படாம உக்கார்றதும்தான் மொத்த டிகிரியில எனக்கு ஒட்டினது. மத்ததுக்கெல்லாம் மார்க் ஷீட் இருக்கு.

இப்போ கொஞ்சம் கசப்பான விஷயம். கடைசி மாசம் ஆக ஆக எல்லாரும் நல்லவங்களா மாறிட்டாங்க. ஸ்ட்ரிக்டா இருந்த மேடம் "என்னப்பா, எங்க ப்ளேஸ் ஆனே"ன்னு தோள்ல தட்டிக் கேக்குறாங்க. ரெண்டு வருஷம் முகம் குடுத்துப் பேசாதவன் வந்து கட்டிப் புடிச்சு செல்ஃபி எடுக்குறான். இன்டர்னல் மார்க்ல யாருக்கு யார் மேல இருந்த கோவமும் காத்துல போச்சு. நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்கு ஒரு சந்தேகம், ஏன்னா இதுக்கும் ஒரு ஆராய்ச்சி இருக்கு. 1993-ல வெளிவந்தது, டேனியல் கானமன் குழு, இவருக்குத்தான் 2002-ல பொருளாதார நோபல் குடுத்தாங்க, ஆளுங்களைக் கூப்பிட்டு 14 டிகிரி குளிர்ந்த தண்ணியில ஒரு நிமிஷம் கையை வெக்கச் சொன்னாங்க. இன்னொரு ரவுண்டுல அதே ஒரு நிமிஷம், அதுக்கு மேல இன்னும் அரை நிமிஷம், அந்த அரை நிமிஷத்துல மட்டும் தண்ணி மெல்ல 15 டிகிரி வரைக்கும் ஏறும். எதைத் திரும்பச் செய்யறீங்கன்னு கேட்டா பெரும்பாலானவங்க ரெண்டாவதைத்தான் சொன்னாங்க, மொத்த வலி அதுலதான் அதிகம்னாலும். முடிவு கொஞ்சம் இதமா இருந்தா முழுசும் இதமா இருந்த மாதிரி மனசு எழுதிக்குது.

நம்ம கடைசி மாசம் அந்த 15 டிகிரி. அதனால அதை வெச்சு மொத்தக் காலேஜுக்கும் மார்க் போட நான் தயாரா இல்ல. முதல் வருஷத்துல இங்கிலீஷ்ல கேள்வி கேட்டா எழுந்து நின்னு தரையைப் பாத்த பசங்க இருந்தாங்க, அவங்க பேசப் பேசப் பின்னாடி இருந்து சிரிச்சவங்களும் இருந்தாங்க, அதே ஆளுங்கதான் இப்போ மேடையில "ஒரே குடும்பம்"னு பேசுறது. அரியர் விழுந்தவன் கிளாஸுக்கு வர்றதையே குறைச்சுக்கிட்டான், ஏன் வரலன்னு யாரும் போய்க் கேக்கல. ப்ளேஸ்மெண்ட் சீசன்ல ஆஃபர் வாங்கினவங்க ஒரு பக்கம், வாங்காதவங்க ஒரு பக்கம்னு தானாவே கூட்டம் பிரிஞ்சுச்சு, யாரும் கோடு போடல ஆனா கோடு இருந்துச்சு, வாங்காதவன் வந்தா வாங்கினவங்க டக்குன்னு வேற டாப்பிக் மாத்துவாங்க, அது அவனுக்கும் தெரியும். "லைஃப்ல பெஸ்ட் இயர்ஸ்"னு ஸ்டேட்டஸ் போடறவங்களுக்கு நடுவுல, எப்படா இது முடியும்னு நாளை எண்ணிட்டு இருக்கறவங்களும் நம்ம கிளாஸ்லயே இருக்காங்க. அவங்க ஃபேர்வெல்லுக்கு வரலன்னா திமிருன்னு சொல்லாதீங்க, அவங்களுக்கு அந்தத் தண்ணி கடைசி வரைக்கும் 14 டிகிரியாவே இருந்திருக்கலாம்.

வயசானப்புறம் இதெல்லாம் அழிஞ்சு நல்லது மட்டும்தான் நிக்கும்னு சொல்றாங்க. வயசானவங்ககிட்ட பழைய ஞாபகங்களைக் கேட்டா பத்துல இருந்து முப்பது வயசுக்குள்ள நடந்ததுதான் குவிஞ்சு வருதுன்னு டேவிட் ரூபின் போன்ற உளவியல் ஆய்வாளர்கள் 1986-ல இருந்து காட்டிட்டு இருக்காங்க. முதல் தடவை நடக்கறது எல்லாம் அந்த வயசுலதான் நடக்குதுங்கிறது அதுக்குச் சொல்ற காரணங்கள்ல ஒண்ணு. நம்ம வீட்டுப் பெரியவங்க காலேஜ் கதையை ஆரம்பிச்சா நிறுத்தாம இருக்கறதுக்கு இப்பத்தான் அர்த்தம் தெரியுது, இனிமே கொஞ்சம் பொறுமையாக் கேக்கலாம்னு இருக்கேன். கொஞ்சம்தான்.

இன்னொரு ஆய்வு, இது எங்க நிலைமைக்கே அளவெடுத்துத் தைச்சது. ஜெய்மி கர்ட்ஸ்னு ஒருத்தங்க, 2008, வர்ஜீனியா யுனிவர்சிட்டி கடைசி வருஷ ஸ்டூடண்ட்ஸ், கிராஜுவேஷனுக்கு சில வாரம் முன்னாடி. ஒரு குழுகிட்ட உங்களுக்கு இன்னும் சுமார் 1,200 மணி நேரம்தான் இருக்குன்னு சொன்னாங்க, இன்னொரு குழுகிட்ட ஒரு வருஷத்துல பத்துல ஒரு பங்கு இருக்கே, நிறைய டைம் இருக்குன்னு சொன்னாங்க. ரெண்டு வாரம் கழிச்சுப் பாத்தா, கொஞ்சம்தான் இருக்குன்னு கேட்டவங்க சந்தோஷமா இருந்திருக்காங்க, காலேஜ் சம்பந்தமான விஷயங்கள்ல அதிகமாக் கலந்துக்கிட்டிருக்காங்க. முடியப் போகுதுன்னு நெனச்சா சோகம்தான் வரும்னு பயந்து நாங்க அந்தப் பேச்சையே எடுக்காம இருந்தோம், எடுத்திருக்கலாம் போல.

அதனால எங்க டேபிள்ல பேச்சை எடுத்தேன். ஒருத்தன் உடனே பெரிய ட்ரிப் ப்ளான் போட்டான், கூகுள் ஷீட்டோட. நான் வேணாம்னேன், ட்ரிப்பெல்லாம் எப்ப வேணா போகலாம், லீவு கெடச்சா போதும், இந்த மிச்ச நாளைச் சும்மா வராண்டாவுல உக்காந்து வீணாக்கலாம், அப்படி வீணாக்க இனிமே சான்ஸ் கெடைக்காதுன்னு சொன்னேன். மூணு பேரும் என்னை ஒரு மாதிரியாப் பாத்தாங்க. கடைசியில ஒரு சமரசம், ட்ரிப் சின்னதா ஒண்ணு, அப்புறம் வேலைக்குப் போனதும் மாசா மாசம் ஒரு குரூப் கால், பேச விஷயம் எதுவும் இருக்கக் கூடாது, வேலை செஞ்சுக்கிட்டே கால்ல இருக்கலாம், துணி மடிக்கலாம், பேசாமக்கூட இருக்கலாம், கட் பண்ணக் கூடாது.

கையெழுத்து நல்லா இருக்கறவன் மட்டும் நம்பல. "ரெண்டு மாசத்துல நின்னுடும் பாரு மச்சி"ன்னான்.

"நின்னா நைட்டு ரெண்டு மணிக்கு உனக்கு போன் போட்டுத் திட்டுவேன்"னேன்.

"அப்ப சரி, நிக்கட்டும்"னான்.